கதவெண் பதினான்கைத் தேடிப் போனது

1. கோட் ஏழு

வறுமையை அளக்கும் வேலையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தேன். அதனால் வறுமைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒரு ஸ்கூட்டரும் ரத்த அழுத்தமும் வந்தன. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, ஒரே வாரத்தில் நான் வறுமையைக் குறைத்த வரலாற்றைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூர்க் கடலோரத்தில் ஒரு குப்பத்தில் இருபது வீடுகளை சர்வே எடுத்தோம். வருமானத்தைக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். அதனால் தண்ணீர், கழிப்பறை, அடுப்பு, தரை, பிள்ளைகளின் படிப்பு என்று தனித்தனியாகக் கேட்டு, இருக்கிற வசதிக்குப் புள்ளி போட வேண்டும்; புள்ளி கூடினால் வறுமை குறைவு. ஐந்து வருடம் கழித்து அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேட்டால், வறுமை ஏறியதா இறங்கியதா என்று ஒரு கிராஃப் கிடைக்கும். பணம் கொடுத்த அறக்கட்டளைதான் அந்தக் குப்பத்தில் குழந்தைகள் காப்பகத்தையும் நடத்தியது. கிராஃப் இறங்கினால் காப்பகத்தை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

இரண்டாம் சுற்றுக்கு ஃபாரம் கட்டோடு போய் நின்றேன். பதினான்காம் எண் வீட்டைக் காணோம். அந்த வரிசையையே காணோம். முதல் சுற்றில் அந்த வீட்டிலிருந்து பதில் சொன்ன தேசராணி, இடுப்பில் பெண் குழந்தையும் தலையில் மீன் கூடையுமாக வந்தார்.

"பதினாலாம் நம்பர் வூடா? அதோ அலை மடங்குது பாரு நைனா, அங்கதான் என் அடுப்பு கீது. கட்டுமரத்துல குந்து, காட்டிட்டு வரேன்."

நான்கு வீடுகளைக் கடல் கொண்டு போயிருந்தது. நான்கு குடும்பங்களும் வலை போட்டுவைக்கும் கொட்டகையில் இருந்தன. குழந்தையைக் காப்பகத்தில் விட்டால்தான் தேசராணி கூடையோடு தெருவில் இறங்க முடியும்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் ஆய்வு நிறுவனத்து டைரக்டரைக் கூப்பிட்டேன்.

"கதவு இல்லன்னா கோட் ஏழு போடுய்யா. அடுத்து நிக்கிற வீட்ட எடு. மேனுவல் படிக்கலையா?"

"ஆளுங்க இருக்காங்க சார். கதவுதான் இல்ல."

"நம்ம யூனிட் கதவுதான்யா. ஆளு இல்ல."

மேனுவலைப் படிக்காமல் என்ன? அதைத் தமிழில் எழுதியவனே நான்தான்.

2. அண்ணாச்சியின் முன்னேற்றம்

அடுத்து நின்ற வீடு, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த மளிகைக்கடை அண்ணாச்சியுடையது.

"கக்கூஸா தம்பி? மாடியில ஒண்ணு, கீழ ஒண்ணு. ஃப்ரிட்ஜ் கடைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. தரை மொசைக். நல்லா எழுதிக்கிடுங்க. வரி ஆபீசுக்குப் போகாதுல்லா?"

கடலில் போன நான்கு வீடுகளுக்குப் பதில் இப்படி மாடி வீடுகள் நான்கு கணக்கில் ஏறின. கிராஃப் சறுக்குமரம் போல இறங்கியது. டைரக்டர் அலுவலகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். நானும் இரண்டு துண்டு தின்றேன். காப்பகத்தை மூடும் அறிவிப்பை ஒட்டிவர என்னையே அனுப்பினார்கள்.

தேசராணி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இன்னா சார், நாங்க முன்னேறிட்டோமா? எங்கைல ஒரு வார்த்த சொல்லக்கூடாது?"

கோட் ஏழை விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே கேவலமாக இருந்தது.

"அப்போ அண்ணாச்சி வூட்டு கக்கூஸ என் கணக்குல எழுதிட்ட. நாளைக்கு சொம்ப எடுத்துகினு போனா வுடுவாரா?"

தேசராணி கூடையை இறக்கிவைத்தார்.

"கதவு வோணும், அவ்ளோதான?"

3. தட்டுங்கள்

'விடுபட்ட நான்கு கதவுகளும் கிடைத்துவிட்டன, நேரில் சரிபார்க்கவும்' என்று டைரக்டருக்குக் குறிப்பு எழுதினேன். அவரும் வந்தார். கொட்டகை முன்னால் மணலில் வரிசையாக நான்கு கதவுகள். ஒன்று உடைந்த படகுப் பலகை, ஒன்று குளியலறைத் தகரம், இரண்டு எங்கிருந்து வந்தனவென்று நான் கேட்கவில்லை. சாக்பீஸில் பழைய எண்கள். சுவர் மட்டும் கிடையாது.

டைரக்டர் பக்கவாட்டில் சுற்றி உள்ளே போகப் பார்த்தார்.

"தட்டிட்டு வா சார்," என்றார் தேசராணி. "பொம்பளைங்க கீற வூடு."

டைரக்டர் தட்டினார். சத்தியமாகத் தட்டினார். கதவு இருந்ததால் மேனுவல்படி ஃபாரமும் நிரப்பியாக வேண்டும். 'கதவு: மரம்' என்று ஒரு புள்ளி கூட்டிப் போட்டார்.

"அத்த எழுதாத சார். சாயங்காலம் பலகைக்காரன் வாங்கிகினு பூடுவான்."

நான்கு ஃபாரங்கள் உள்ளே வந்தன. அண்ணாச்சியும் மற்ற மூவரும் வெளியே போனார்கள். கிராஃப் ஏறிவிட்டது. அறிவிப்பைக் கிழித்துவரவும் என்னையே அனுப்பினார்கள். அந்த வருடம் காப்பகம் தப்பியது. தேசராணியின் மகள் அங்கே என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

டைரக்டர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு டெல்லிக் கருத்தரங்கில், வீட்டை விட்டு ஆளைத் தொடரும் தமது நூதன முறையைப் பற்றிக் கட்டுரை வாசித்துச் சால்வை வாங்கிவந்தார்.

நான் கற்றது இவ்வளவுதான். கிராஃப் இறங்கியிருந்தால் கைதட்டும் முன், போன முறை எண்ணிய ஆட்கள் இந்த முறையும் இருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள். ஏழைகளைக் குறைப்பது அரசாங்கங்களுக்கே கஷ்டமான காரியம். நான் அதை ஒரு பால்பாயின்ட் பேனாவால் செய்தேன்.