செக்கிங் மேஜை ஆங்கிலம்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊர் ஊராகச் சுற்றி, தொண்ணூறுகளின் கடைசியில் புனே பக்கம் போசரியில், இரும்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் பெட்டி தூக்கினேன். பக்கத்துக் கசார்வாடியில் ஏழு பேருக்கு ஒரு அறை. ஷிஃப்ட் மாறும்போது பாயும் கை மாறும்.

கம்பெனியில் செக்கிங் மேஜையில் ஒரு திருநெல்வேலிக்காரப் பெண் இருந்தாள். கல்யாணமாகிப் புனே வந்தவள். அவளும் எட்டாவதுதான். ரிப்போர்ட்டோ ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வந்த புதிதில் 'சூப்பர்வைசர் ஆர் ஆன் லீவ்' என்று எழுதிவிட்டாள். ஆபீஸே சிரித்தது.

“பெரியவங்கள 'வந்தாங்க, போனாங்க'ன்னுதான சொல்லுதோம்? அந்த மரியாதையில 'ஆர்' போட்டுட்டேன் அண்ணே. சாமியே ஆனாலும் ஒருத்தர்னா 'இஸ்'தானாம்,” என்று என்னிடம் சொல்லி அவளும் சிரித்தாள்.

என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் மறுநாள் நான் வேறு ஊரில் இருப்பேன். அவளோ சாப்பாட்டு நேரத்தில் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு, மகளின் நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எழுதிப் பழகினாள். ஒரு பீஸ் என்றால் இஸ், இரண்டு பீசஸ் என்றால் ஆர். இரண்டு மாதத்தில் அவள் ரிப்போர்ட்டைத் திருத்த ஆளில்லை.

அவளுக்கு ஆறு மாத டெம்பரரி. நிரந்தரமாக்க, கோயம்புத்தூர்க்கார சூப்பர்வைசரின் கையெழுத்து வேண்டும்.

ஆறாவது மாதக் கடைசி வாரத்தில் ஒரு பெட்டி புஷ், நடுவில் துளை போட்ட இரும்பு வளையங்கள், செக்கிங்குக்கு வந்தது. துளை பெரிதாகிப்போன பீஸில் மட்டுமே நுழையும் கேஜ் கம்பி, அவள் சோதிக்க எடுத்த இருபதில் பதினொன்றில் தாராளமாக நுழைந்தது. வெளியே லாரி நின்றது.

“ஒரு பீஸ் ரிஜெக்ட்டுன்னு எழுதும்மா, லாட் போகட்டும்,” என்றார் சூப்பர்வைசர்.

“பதினொண்ணுல்லா சார்.”

“'இஸ்' போட்டா முடிஞ்சுது. அதுக்குத்தானே அத்தனை நாள் நோட்ட ரொப்புனே? உன்ர பேப்பர் என்ர மேஜைலதான் கெடக்குது, ஞாபகம் வெச்சுக்கோ.”

அவள் அந்தப் பதினொரு புஷ்களையும் தனித்தட்டில் ஒதுக்கினாள். பிறகு பெரிய எழுத்தில் 'எலெவன் பீசஸ் ஆர் ரிஜெக்டட்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினாள். பெட்டியை நான்தான் திரும்ப உள்ளே தூக்கிப் போனேன். அன்றைக்கு அது கனக்கவில்லை.

மாத முடிவில் நிரந்தரமானவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மறுநாள் காலை, எதிர் கம்பெனி கேட்டில் டிபன் டப்பாவோடு வரிசையில் நின்றிருந்தாள்.

“இங்கயும் செக்கிங்தான் கேக்கப் போறேன் அண்ணே. எனக்குத் தெரிஞ்ச வேலைல்லா,” என்றாள். வாட்ச்மேன் கூப்பிட, உள்ளே போனாள்.