பசை போட்ட பக்கம்

ஓடிப்போய்விட்டாள் என்று மூன்றாம் மாடிக்காரி சொல்லித் திரிகிறாளாம். சொல்லட்டும். என் மருமகள் ஓடவில்லை, நடந்துதான் போனாள். கதவைத் திறந்துவிட்டவளே நான். கீழ்வீட்டுத் தையல்காரரை ஜெயிலுக்குள் தள்ளியதும் அவள்தான் என்கிறார்கள். அதற்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அவள் ஐந்தாம் வகுப்பு டீச்சர். புத்தகத்தில் குடிமக்களுடைய உரிமைகளைப் பற்றி ஆறு பக்கம். இனி அதை நடத்தக்கூடாது, பக்கங்களைப் பிள்ளைகளை வைத்தே ஒட்டிவிட வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. மைதாவில் பசை காய்ச்சிக் கொடுத்தவள் நான். கட்டி தட்டாமல் காய்ச்சினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

மற்ற வகுப்புகளில் அரைமணியில் வேலை முடிந்தது. இவள் வகுப்பில் நான்கு நாள். "எதை ஒட்டுறோம்னு தெரியாம ஒட்டக்கூடாது. ஒருதரம் படிச்சுட்டு ஒட்டுங்க" என்றாளாம். பிள்ளைகள் சத்தமாகப் படித்துப் படித்து ஒட்டின. புத்தகத்தில் மூடினது அத்தனையும் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அடுத்த மாதம் தையல்காரர் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. ஊர்வலத்துக்குக் கொடி தைத்தாராம், அதுதான் குற்றம். அவர் மகள், பத்து வயது வாயாடி, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எழுத்துல உத்தரவு இருக்கா சார்? காட்டிட்டு உள்ள வாங்க."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்க டீச்சர்."

உத்தரவு இல்லை. அப்பன் இருந்தான், கொண்டுபோனார்கள்.

மறுநாள் தலைமையாசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கையில் டைப் அடித்த கடிதம்.

"புள்ளை தானா உளறிச்சு, நான் சொல்லித் தரலைன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதாம்மா. வேலை தப்பிச்சுடும்."

போட்டுத் தொலையேன் என்றுதான் நானும் சொன்னேன். மறைப்பானேன்?

"அப்போ பொய் சொன்னது அந்தப் புள்ளைன்னு ஆயிடுமே அத்தை."

"வேலை போயிடுமேடி."

"போட்டுட்டு அது மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

நீட்டின காகிதத்திலெல்லாம் பெருவிரலை அழுத்தியே வயதாகிப்போனவள் நான்.

தலைமையாசிரியர் கடிதத்தை மடித்துக்கொண்டு, கொடுத்த டீயைத் தொடாமல் எழுந்து போனார். அவள் அடுப்படிக்கு வந்து, தன் புத்தகத்தைக் கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் பிடித்தாள். என் பசை மெல்ல விட்டுக்கொடுத்தது. ஆறு பக்கமும் பிரிந்தன.

"ஸ்டேஷனுக்குப் போய் அந்த உத்தரவை நான் கேக்கறேன் அத்தை. சொல்லிக் குடுத்தவ வீட்டுல இருந்துக்கிட்டு, சின்னப் புள்ளை மட்டும் கேக்கணுமா?"

அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

கதவைத் திறந்தேன். எதிரே, மேலே, எல்லாக் கதவும் விரல்கடை திறந்திருந்தன. மூன்றாம் மாடிக்காரியும் கைப்பிடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் பிள்ளையும் அந்த வகுப்புதான். ஒருத்தர் கூட வரவில்லை. என் மருமகள் புத்தகத்தை அணைத்துக்கொண்டு, வார் அறுந்து ஊக்கு குத்தின செருப்பை இழுத்து இழுத்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். இன்னும் திரும்பவில்லை. அந்தச் செருப்போடு எப்படி ஓடியிருப்பாள், சொல்லுங்கள்.