அடுப்படிக்குப் போனவர்

சாகக் கிடப்பவரின் பக்கத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. காரைக்கால் பக்கம் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகும் நர்ஸ் நான். வலிக்கு மருந்து, படுக்கைப் புண்ணுக்குக் கட்டு, கடைசியில் கொஞ்சம் பேச்சு. அந்தப் பேச்சில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு.

திருவேட்டக்குடியில் ஒரு மீனவர். ஈரலில் புற்றுநோய். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவியை நான் ஒரு குறை சொல்ல முடியாது. உதட்டை ஈரத்துணியால் ஒற்றச் சொன்னேன், ஒற்றினார். கஞ்சி ஊற்றினால் புரையேறும் என்றேன், மனசில்லாமல் நிறுத்தினார். புருஷனைப் புரட்டிப் படுக்கவைப்பதில் என்னைவிடப் பதமான கை. ஒன்றே ஒன்றைத்தான் செய்ய மறுத்தார்.

நினைவு தப்பினாலும் காது கேட்கும், கையைப் பிடித்துக்கொண்டு, 'நாங்க பாத்துக்குறோம், நீங்க நிம்மதியா போங்க' என்று சொல்லுங்கள் என்றேன். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். சிலர் அழுவார்கள், சிலர் என்மேல் பாய்வார்கள், பிறகு சொல்லிவிடுவார்கள். இவர் தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் போனால், அம்மா இன்னும் வாயே திறக்கவில்லை என்றாள் மகள். எனக்கு எரிச்சல் வந்தது. அப்புறம் வருத்தப்படுவீங்கம்மா என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்.

"அவுங்க கடலுக்குக் கெளம்புறப்ப நான் ஒரு வார்த்த பேசுனதில்ல சிஸ்டர். சோத்துத் தூக்குவாளிய கையில குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிடுவேன். படகு இஞ்சின் சத்தம் தூரத்துல போயி நிக்கிற வரைக்கும் வெளிய வரமாட்டேன். அப்படி இருந்ததாலதான் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தாங்க. இப்ப போய் போங்கன்னு சொல்லச் சொல்றீங்களே."

நான் சுரக்குடியில் வயல் வேலை செய்யும் வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டு ஆண்கள் வேலைக்குப் போனால் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். மருந்து வேளையை மகளிடம் இன்னொரு தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டொரு நாளில், மதியம், மகள் ஃபோன் செய்தாள். போனபோது மூச்சு விட்டு விட்டு வந்தது. தொண்டையில் கரகரவென்று சத்தம், வாசல்வரை கேட்டது. அது சளி, அவருக்கு வேதனை இல்லை என்று விளக்கினேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றும் சொன்னேன். மனைவி வந்து உதட்டை ஒற்றினார். போர்வையை இழுத்துச் சரிசெய்தார். புருஷன் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்தார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மகள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன். கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைக்கலாமா என்றுகூட நினைத்தேன், அவ்வளவு தவித்துப்போனேன். உள்ளேயிருந்து ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. யாராவது பிடித்திருக்க வேண்டுமே என்று படுக்கையில் கிடந்தவருடைய கையை நான் பிடித்துக்கொண்டேன். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரும் என்று காத்திருந்தோம், வரவில்லை.

வீடு அமைதியானது. அடுப்படியிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"சத்தம் நின்னுடுச்சா சிஸ்டர்? நான் வெளிய வரலாமா?"

மகள் என்னைப் பார்த்தாள். இத்தனை வீடுகளில் இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள், வாங்கம்மா என்று சொல்ல வாய் வராமல், அந்தக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.