டிஸ்க்குக்குத் தகடு இல்லை

வெடி ஆலையில் என் வேலை அணுகுண்டு வெடிக்குச் சணல் சுத்துறது. ஒரு வரிசையைச் சாய்ச்சுச் சுத்தினா, அடுத்த வரிசையை அதுக்கு எதிராச் சாய்ச்சுச் சுத்தணும். அப்பத்தான் பிடி நிக்கும். தரையில உக்காந்து குனிஞ்சே கிடந்ததுல இடுப்பு போச்சு. கால் வரைக்கும் சுளீர்னு இழுக்கும். எங்க வீட்டுக்காரக அச்சாபீசுல பேப்பர் பண்டல் தூக்குறவக. அவுகதான் லீவு போட்டு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாக.

டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டிச் சொன்னாங்க. "எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி டிஸ்க் இருக்கும்மா. உள்ள கூழ், சுத்தி நார். நார் கிழிஞ்சு கூழ் பிதுங்கி நரம்பை அழுத்துது. அங்க ரத்த ஓட்டம் ரொம்பக் கம்மி, லேசுல ஆறாது."

என் வாய் சும்மா இருக்குமா? "அப்பப் புதுசா ஒண்ணு செஞ்சு வைக்க முடியாதா?"

ஆராய்ச்சிக்கூடத்துல அதைத்தான் செஞ்சு பாக்குறாங்களாம். டாக்டரம்மா போன்ல ஒரு படம் காட்டினாங்க. மயிரைவிட மெல்லிசு நூல், வட்ட வட்டமா அடுக்கு. ஒரு அடுக்கு இங்கிட்டுச் சாஞ்சா அடுத்தது அங்கிட்டு. நடுவுல கூழ். அந்த நூல்மேல உயிரணுவை விட்டா, பந்தல்ல புடலைக்கொடி படர்ற மாதிரி அது படர்ந்து வளரணுமாம். நான் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கல. இந்தச் சுத்தை என் விரல் தூக்கத்துலகூடச் சுத்துமே!

"ரத்தமே போகாத இடத்துல அது எதைத் தின்னு பிழைக்கும்? பாரம் தூக்குனாத் தாங்குமா?"ன்னு கேட்டேன்.

வீட்டுக்காரக முழங்கையால இடிச்சாக. "டாக்டரை விடு ஆத்தா. வெளிய எம்புட்டுப் பேரு காத்திருக்காக."

"ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் அதே கேள்விதாம்மா"ன்னாங்க டாக்டரம்மா. "நம்ம ஆஸ்பத்திரிக்கு வர நாளாகும். இப்போதைக்குக் கீழ உக்கார்ற வேலையை விட்டுருங்க."

விட்டுட்டேன். வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு. இனி அவுக தூக்குற பண்டல்லதான் வீட்டுல உலை கொதிக்கணும்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போனோம். நோவுபட்ட உறுப்பைத் தகடா வாங்கி அம்மன் உண்டியல்ல போடுறது எங்க வழக்கம். தகடு விக்கிற அம்மாகிட்ட டிஸ்க் இருக்கான்னு கேட்டேன். கண்ணு, கையி, காலு, வயிறு எல்லாத்தையும் கிளறிப் பாத்தா.

"அது எப்படி ஆத்தா இருக்கும்?"

கையில கிடந்த ரப்பர் வளையலைக் கழட்டி விளக்கினேன். சுத்தி நார், நடுவுல கூழ். அவளும் ஆர்வமாக் கேட்டுட்டு, "அம்புட்டு உள்ளுக்குள்ள இருக்கிறது நம்மகிட்ட இல்ல. முழு ஆளாப் போட்டுருங்க"ன்னு ஒரு ஆள் தகட்டை நீட்டினா.

உண்டியல்ல போட்டேன். கீழ விழுந்து கும்பிட எனக்கு இடுப்பு வளையல. "நீ நில்லு, நான் விழுறேன்"னு அவுக எனக்காக விழுந்து கும்பிட்டாக. எந்திரிக்கையில பாதியில நின்னுட்டாக. ஒரு கை தூணைப் பிடிச்சிருந்துச்சு, இன்னொரு கை இடுப்பை.

"எம்புட்டு நாளா?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, பிடிப்புதான்"னு சொல்லிட்டு வேற பக்கம் பாத்தாக.

நான் திரும்பிப் போயி, தகடு விக்கிற அம்மாகிட்ட இன்னொரு ஆள் தகடு கேட்டேன்.