மஞ்சள் விளக்கு எரிந்த வண்டிகள்

பிரேக் சரியில்லை என்று பைக்கைக் கொண்டுவருகிறவர்கள் பிரேக்கைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனதாக எங்கள் தொழிலில் சரித்திரமே கிடையாது.

ஒரத்தநாட்டில் ஒரு பைக் சர்வீஸ் சென்டரில் கவுண்டரில் இருந்தேன். வருகிறவர் சொல்லும் குறையைக் கேட்டு எழுதிக்கொள்வது, உள்ளே மெக்கானிக் நசீர் பாயிடம் அனுப்புவது, வண்டி தயாராகும்வரை திட்டு வாங்குவது, இதுதான் வேலை. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்தவர்களுக்கும் வெளியே நின்று தவித்தவர்களுக்கும் நான் சொல்லப்போவது புரியும். திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் வைத்த வண்டிகள் ஊருக்குள் வரத் தொடங்கிய காலம் அது. அதில் கோளாறு என்றால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது என்ன பாடு படுத்தியது தெரியுமா!

லோடு ஆட்டோவில் வந்த புதுசு

ஒருநாள் காலையில் லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மேலே கயிறு போட்டுக் கட்டிய புது பைக். மாலைகூட இன்னும் வாடவில்லை. முன்னால் டிரைவர் பக்கத்தில் கணவனும் மனைவியும். நல்ல நேரத்தில் வீட்டு வாசலில் வண்டி நிற்கவேண்டும் என்று ஷோரூமிலிருந்து ஓட்டாமல் வேனிலேயே எடுத்துப்போய்ப் பூசை போட்டிருக்கிறார்கள். சாவியைத் திருகியதும் மஞ்சள் பிரேக் விளக்கு எரிந்திருக்கிறது. "பிரேக் இல்லாத வண்டியை என் தலையில கட்டிட்டீங்களே" என்று அவர் இறங்கும்போதே சத்தம்.

நசீர் பாய் எழுந்து வந்தார். வண்டியை இறக்கச் சொன்னார், ஏறி உட்கார்ந்தார், பட்டுக்கோட்டை சாலையில் கொஞ்சதூரம் போய்த் திரும்பி வந்தார். விளக்கு அணைந்திருந்தது. "சாவி போட்டா எரியணும். சக்கரம் சுத்துனா, எல்லாம் சரியா இருக்குன்னு பார்த்துட்டு அதுவே அணைஞ்சுரும். நீங்க வண்டியை ஓட்டவே இல்லையே" என்றார். கணவர் வண்டி மாலையைச் சரிபண்ணுவதுபோலத் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாம்மா. நிக்கிறவரைக்கும் மூஞ்சி எரியும், கெளம்பிட்டா எல்லாம் சரியாயிடும்."

சாப்பாடு மாறிப்போச்சு

தை மாதம் அறுப்பு ஆரம்பித்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சாலையில் பாதி நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும். அதன்மேல் ஓடிவரும் பைக்கின் முன்சக்கரத்தில் வைக்கோல் சுற்றிக்கொண்டு, பிரேக் பக்கத்தில் சக்கர வேகத்தை அளக்கிற சென்சாரை மூடிவிடும், இல்லையென்றால் ஒயரை இழுத்துவிடும். உடனே மஞ்சள் விளக்கு.

கால்நடைக் கல்லூரியில் வேலைபார்த்த ஒரு டாக்டர் அப்படித்தான் வந்தார். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். நசீர் பாய் குந்தி உட்கார்ந்து சக்கரத்துக்குள் விரலை விட்டு உருவ உருவ, வைக்கோல் வந்துகொண்டே இருந்தது. ஒரு கன்றுக்குட்டிக்கு ஒருவேளைக்கு ஆகும். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். கடைசியில் சொன்னார்: "நான் மாட்டு வயித்துலேருந்து பிளாஸ்டிக்க எடுக்குறேன். நீங்க வண்டிக்குள்ளேருந்து வைக்கோல எடுக்குறீங்க. யாரோ சாப்பாட்ட மாத்திப் போட்டுட்டாங்க பாய்."

கத்தாரிலிருந்து ஒரு கால்

சுமதிக்கு முப்பது வயது இருக்கும். கணவர் முருகேசன் கத்தாரில். லீவில் வந்தபோது ஆசையாய் ஒரு பைக் வாங்கி, உறைபோட்டு மூடி, "உங்கண்ணனை விட்டு அப்பப்ப ஸ்டார்ட் மட்டும் பண்ணச் சொல்லு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். அந்த வண்டியைச் சுமதியே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினாள். நிறுத்தும்போது கால் எட்டாமல் ஒரு பக்கம் சாய, நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். "வயக்காட்டுக்குப் போற வாய்க்கா கரையில சறுக்கிட்டேன்க்கா. அதுலேருந்து லைட்டு எரியுது" என்றாள். முழங்கையில் சிராய்ப்பு.  கணவருக்குத் தெரியாமல் சரிபண்ணிவிடவேண்டும், அதுதான் அவள் கவலை.

சென்சார் ஒயர் அறுந்திருந்தது. நசீர் பாய் அதைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. வீடியோ கால். பின்னால் தெரிந்த பட்டறையைப் பார்த்துவிட்டு முருகேசன், "எங்க நிக்கிற? வண்டிக்கு என்ன?" என்றார். மறைக்க வழியில்லை. தன் அண்ணன்தான் எடுத்து வந்ததாகச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தாள். "பாய்கிட்ட போனைக் குடு. பாய், மீட்டரைக் காட்டுங்க." அவள் கண்ணாலேயே வேண்டாம் என்று கெஞ்சினாள். அதற்குள் பாய் காட்டிவிட்டார், கிலோமீட்டர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

மூடி வைத்த வண்டி அவ்வளவு தூரம் ஓடியிருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "யாரு ஓட்டுனது?" என்றார் முருகேசன். சுமதி போனைப் பிடுங்கினாள். "நான்தான் ஓட்டுனேன். உர மூட்டையத் தலையில தூக்கிட்டு வரச் சொல்றீங்களா? வயலப் பாக்க நான் ஒருத்திதானே இருக்கேன்?"   நானும் பாயும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். பிறகு முருகேசனின் குரல் வந்தது: "பாய், அந்த லைட்டைச் சரிபண்ணிக் குடுத்துருங்க. அப்படியே சீட்டைக் கொஞ்சம் எறக்க முடியுமான்னு பாருங்க. அவளுக்குக் கால் எட்டாது."

முதுகும் முகமும்

பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த கோவிந்தராசு ஐயா மிகவும் கோபக்காரர். மகன் சிங்கப்பூர் போய் நாலு வருஷம் கழித்து முதல்முறையாக ஊருக்கு வருகிறான். ஒரே ஒரு பையோடு வருகிறானாம். திருச்சி விமான நிலையத்துக்குத் தானே பைக்கில் போய், பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவரவேண்டும் என்பது அவர் ஆசை. போகும் வழியில், செயினுக்கு எண்ணெய் விட எங்களிடம் நிறுத்தினார்.

நசீர் பாய் மீட்டரைப் பார்த்துவிட்டு அதில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை உரித்தார். கீழே மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "கண்ணைக் குத்துச்சு, ஒட்டிட்டேன்" என்றார் ஐயா. அந்த விளக்கு எரிந்தாலும் சாதா பிரேக் பிடிக்கும், அது உண்மைதான். ஆனால் பாய் முன்பிரேக்கைப் பிடித்துப் பார்த்தபோது லீவர் கைப்பிடிவரைக்கும் அமுங்கியது. பிரேக் ஆயில் போகிற குழாய் வெடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. புதுக் குழாய் தஞ்சாவூரிலிருந்துதான் வரவேண்டும். "இந்த வண்டியில போகாதீங்க ஐயா" என்றார் பாய். ஐயா கேட்கவில்லை. "பின்பிரேக் இருக்குல்ல? நான் மெதுவாப் போயிக்கிறேன். சாவியக் குடும்மா!"

சாவி என் கையில் இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. "மகனைப் பின்னால உக்கார வச்சுக்கிட்டுத்தானே ஐயா வருவீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. கேட்டுக்கொண்டே மேசை டிராயரில் சாவியைப் போட்டுப் பூட்டினேன்.  கடைசியில் ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.  எத்தனை நாள் ஆசையோ, கெடுத்துவிட்டோமே என்றிருந்தது.

மறுநாள் வண்டி எடுக்க இருவரும் வந்தார்கள். ஐயா என் பக்கம் திரும்பவே இல்லை, நேராக வண்டியைப் பார்க்க உள்ளே போய்விட்டார். மகன் கவுண்டரில் நின்று மெதுவாகச் சொன்னான்: "வழியெல்லாம் உங்களத் திட்டிக்கிட்டே வந்தாரு அக்கா. ஆனா பைக்ல வந்திருந்தா அப்பா முதுகத்தான் பாத்துக்கிட்டு வந்திருப்பேன். பஸ்ல வந்ததால மொகத்தப் பாத்துக்கிட்டே வந்தேன்."

அப்புறம் எனக்குக் கல்யாணமாகி ஊர் மாறிவிட்டது. வண்டியை நிறுத்துகிற சாமானைப் பற்றியே பேசிப் பேசி, நிற்க நேரமில்லாமல் ஓடிப்போன வருஷங்கள் அவை.