ஆமி லொறிக்கு அடித்த மஞ்சள்

மே மாதம் பிறந்ததும் ஒஸ்லோவில் ஆளாளுக்குப் பெயின்ற் வாளியைத் திறந்துவிடுவார்கள். குளிர் விட்டதோ இல்லையோ, வேலிக்கும் விறாந்தைக்கும் காட்டுக்குள் நிற்கும் மரக் குடிலுக்கும் அடித்தே ஆகவேண்டும்; நேர்த்திக்கடன் மாதிரித்தான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பழைய வகைப் பெயின்றின் அந்தக் கனத்த மணம் பக்கத்து வீட்டிலிருந்து வந்து மூக்கில் ஏறினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், சிரித்து முடிப்பதற்குள் கண்ணும் கலங்கிவிடும். 'அம்மாவுக்குத் தொடங்கிட்டுது' என்று என் பிள்ளைகள் தங்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள். கதை அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

நாங்கள் ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் இருந்த காலம். எங்களிடம் ஒரு லொறி இருந்தது. மற்றத் தமிழ்க் குடும்பங்கள் பழைய கார் வாங்கிக்கொண்டிருந்தபோது அப்பா வாங்கியது லொறி, அதுவும் அவுஸ்திரேலிய இராணுவம் உலகப்போர் முடிந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு செய்வித்து, ஓட்டிக் களைத்து, இனி வேண்டாம் என்று கழித்துவிட்ட லொறி. அப்பாவோடு பேக்கரியில் கொஞ்சக் காலம் வேலை செய்த ஒரு அவுஸ்திரேலியப் பெடியன், தன் பெண்சாதியை ஏற்றிக்கொண்டு, பாதி கப்பலிலும் பாதி தரையிலுமாக அதை ஒஸ்லோ வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தான். பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சியானதும் இருவரும் விமானத்தில் ஊர் திரும்பிவிட்டார்கள், லொறி எங்கள் தலையில் விழுந்தது. இந்த நாட்டுச் சட்டத்துக்குள் அதை அப்பா எப்படி நுழைத்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

ஏன் வாங்கினார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அதன் ஸ்ரேரிங் வலப்பக்கம் இருந்தது. ஊரில் அப்பா லொறிச் சாரதி. நோர்வேயின் இடப்பக்க ஸ்ரேரிங்கில் உட்காரும்போதெல்லாம் 'மற்றவன்ரை செருப்பைப் போட்டமாதிரிக் கிடக்கு' என்று முணுமுணுப்பார். இதில் ஏறி உட்கார்ந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வீதியின் மற்றப் பக்கத்தில் ஓட்டவேண்டுமே, முன்னால் போகிற வண்டியை முந்த முடியாதே என்ற கவலையெல்லாம் அவருக்கு இருக்கவில்லை. அந்த லொறி யாரையும் முந்துகிற வேகத்தில் ஓடியதும் இல்லை.

இராணுவம் வைத்த சாமான்கள் சில அதில் அப்படியே இருந்தன. முன் பம்பரில் இரண்டு இரும்புக் கொளுக்கி, சாரதி அறையின் கூரையில் ஒரு ஆள் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிற அளவில் வட்ட மூடி. பின் அச்சில் வெள்ளை பூசிய ஓர் உருண்டை, அதன்மேல் குட்டி விளக்கு. இருட்டில் வரிசையாய்ப் போகும்போது பின்னால் வருகிறவன் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே வரவேண்டுமாம். அவுஸ்திரேலியப் பெடியன் பின்பக்கத்துக் கித்தான் கூடாரத்தைக் கழற்றிவிட்டுப் பலகைப் பெட்டி ஒன்று கட்டி, ஜன்னல் வைத்து, கட்டிலும் காஸ் அடுப்பும் பூட்டியிருந்தான். அப்பா கட்டிலைக் கழற்றி ஆட்கள் இருக்க எதிரெதிராக இரண்டு வாங்கு போட்டார், முன்னால் எலுமிச்சங்காய் கட்டினார், ஒரு சின்னப் பிள்ளையாரையும் ஒட்டினார். ஒஸ்லோத் தமிழரின் சாமத்தியச் சடங்குக்கும் கலியாணவீட்டுக்கும் சமையல் கிடாரமும் கதிரைகளும் எல்லாம் அதில்தான் போய்வந்தன.

இவ்வளவு மாற்றியவர்களில் ஒருவராவது நிறத்தை மாற்றவில்லை. பச்சை. வெயில் பட்டாலும் மினுங்காத, செத்த பச்சை. கீறல் விழுந்த இடங்களில் அடியில் இன்னொரு பச்சை தெரியும், அது கறுத்து மினுங்கும். நான் சாவியால் சுரண்டிப் பார்த்து அப்பாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

அம்மா அதில் காலே வைக்கவில்லை. "உந்தப் பச்சைக்கை நான் ஏறமாட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டா. பச்சை லொறிகள் ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தத்தைக் கேட்டுக் கதவடைத்த ஊரிலிருந்து வந்தவ. பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டியில் எனக்குப் பச்சைச் சட்டை தந்தார்கள் என்று ஆசிரியையிடம் நேரே போய், அரைகுறை நோர்வேஜியனில் கதைத்து, நீலமாக மாற்றிக்கொண்டு வந்தவ. அவவின் தம்பி, என் ராசன் மாமா, கொழும்பில் வீதியில் வைத்துக் கொண்டுபோகப்பட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகியும் ஒரு தகவலும் இல்லாமல் இருந்த காலம் அது. யார் கொண்டுபோனார்கள் என்பது இன்றுவரை தெரியாது. அம்மாவின் மனதில் மட்டும் அவரை ஏற்றிப் போனது பச்சை லொறிதான். அதனால் அப்பா லொறியை எங்கள் பல்கணியிலிருந்து தெரியாதபடி கராஜ்களுக்குப் பின்னால் விடுவார். அம்மா அந்தப் பக்கம் குப்பை போடக்கூடப் போகமாட்டா.

பிறகு ஒரு நாள் மாமாவை விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்பதும் தெரியாது. சில மாதங்கள் அங்கும் இங்கும் ஒளித்திருந்து, ஒருவழியாக, 'சனிக்கிழமை வாறன்' என்று தொலைபேசியில் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை, போனில் அந்த நாளைய ஆட்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அம்மா ரிசீவரை வைத்துவிட்டு நிலத்தில் இருந்து அழுதா. அழுது முடிந்ததும் எழும்பிக் கேட்ட முதல் கேள்வி, "எதிலை போய் ஏத்திறது?"

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் வந்திறங்கினால் விமான நிலையத்துக்கு வீட்டுக்காரர் மட்டும் போவதில்லை. அறிந்தவர், அயலவர், குழந்தை குட்டி, சுடுதண்ணீர்ப் போத்தல், வடை, எல்லாம் போகவேண்டும். நாலைந்து குடும்பம் புறப்பட்டுவிட்டது. எல்லாரையும் ஏற்ற லொறிதான் சரி என்றார் அப்பா.

"தம்பி வந்திறங்கி முதல் காணுறது ஆமிப் பச்சையோ? அவன் அந்த இடத்திலையே விழுந்திடுவான்" என்றா அம்மா.   அப்பாவும் அப்போதுதான் அதை யோசித்தார் என்று நினைக்கிறேன்.

"அப்ப பெயின்ற் அடிப்பம்."

"வெள்ளை அடியுங்கோ" என்றா அம்மா உடனே. "வெள்ளை எண்டால் மனதுக்கு ஒரு அமைதி. கீழை ஏற்கெனவே கொஞ்சம் வெள்ளை இருக்குத்தானே." அச்சில் வெள்ளை உருண்டை இருப்பது அவவுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கராஜுக்குப் பின்னால் போகாதவ என்று நாங்கள்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை வேலை முடித்து வெள்ளைப் பெயின்ற் வாங்கி வருவதாகப் போன அப்பா வெறுங்கையோடு வந்தார். பேக்கரியில் மறித்துவிட்டார்களாம், கடை பூட்டியாயிற்றாம். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.  அப்பா கீழ்த்தட்டில் இருந்த ஆர்னே என்ற பென்சன்காரரிடம் போனார். ஆர்னேயின் நிலவறைக்குள் காட்டுக் குடிலுக்கு அடித்து மிஞ்சிய வாளிகள் இருந்தன. மஞ்சள். முட்டைக் கரு மஞ்சள். மரச் சுவருக்கு அடிக்கிற எண்ணெய்ப் பெயின்ற்.

"மஞ்சள் மங்களம்தானே" என்று அப்பா மேலே பார்த்துச் சொன்னார். பல்கணியில் நின்ற அம்மா, "என்னெண்டாலும் அடியுங்கோ, பச்சை தெரியக் கூடாது" என்றா.

இங்கே மே மாதத்து மாலை நீண்டு கிடக்கும், எட்டு மணிக்கும் வெயில் எறிக்கும். அப்பாவும் அவர் கூட்டாளிகள் இருவரும், தூரிகை போதாமல் நானும், பழைய சீலைத் துணியைச் சுருட்டிக்கொண்டு, கொளுக்கி, கதவு, பம்பர், கண்ணில் பட்டதற்கெல்லாம் மஞ்சள் அப்பினோம். ஆர்னே பின்னால் கை கட்டிக்கொண்டு நின்று, இது இரும்புக்கு அடிக்கிற சாமான் இல்லை, காயவும் இரண்டு நாள் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா வானத்தைக் காட்டினார்: "இந்த வெயிலுக்கோ? எங்கடை ஊரிலை திரும்பிப் பாக்க முன்னம் காஞ்சிடும்." ஊரில் காய்ந்திருக்கும், உண்மைதான். இந்த நாட்டு வெயில் வெளிச்சம் மட்டும்தான் தரும் என்பதை அத்தனை வருடம் இருந்தும் எங்கள் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

விடிந்து பார்த்தால் லொறி பளபளவென்று நின்றது. நல்லாய்க் காய்ந்துவிட்டது என்று அப்பா தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. இனி என்ன செய்வது. "ஒருத்தரும் தொடப்படாது, கேட்டுதோ" என்று அம்மா எங்களை ஒவ்வொருவராக எண்ணி ஏற்றி, தன் காஞ்சிபுரத்தை முழங்காலுக்கு மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த லொறியில் ஏறினா. ஃபோர்ணெபு விமான நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்குள் வழித் தூசியும் மரத்துப் பூந்தூளும் பூச்சிகளும் ஒட்டி, மஞ்சள் லொறிக்கு மயிர் முளைத்திருந்தது.

மாமா வந்தார். படத்தில் பார்த்தவரில் பாதிதான் இருந்தார். அம்மா கட்டிப்பிடித்து அழ, வந்தவர்கள் எல்லாரும் அழ, ஒருவர் வடையை நீட்ட, அப்படியே கூட்டமாக லொறியடிக்கு வந்தோம். மாமாவுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். நாங்கள் 'தொடாதை' என்று கத்துவதற்குள் அவர் கதவில் உள்ளங்கையை ஊன்றிவிட்டார்.

கையை எடுத்தார். கை முழுக்க மஞ்சள். கதவில் கை இருந்த இடத்தில், ஐந்து விரலும் தெரிய, பச்சை.

மாமா அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றார். வடை நீட்டியவர் கையை இழுத்துக்கொண்டார். அம்மா அவருக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றா. "தம்பி, இது எங்கடை ஆமியின்ரை இல்லை. இது ஒஸ்ரேலியா ஆமி. அவங்கள் நல்லவங்களாம்."

மாமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "பச்சையோ? என்னைக் கொண்டுபோனது வெள்ளை வான் அக்கா. சின்ன வான், ஜன்னலெல்லாம் அடைச்சது." பிறகு மெதுவாக, "நான் வெள்ளை வண்டி கண்டால்தான் ஓடுறனான்" என்றார்.

அப்பா நடைபாதை விளிம்பில் அப்படியே குந்திவிட்டார். பேக்கரியில் மறித்தவனுக்கும் நேரத்தோடு பூட்டிய கடைக்கும் அவர் மனதுக்குள் கும்பிட்டிருப்பார். அம்மா தலையில் கை வைத்தா; அழுகை இடையிலேயே சிரிப்பாகி, நிற்கவே இல்லை. மாமாவுக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் தமக்கை சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார்.  'அத்தான், பெயின்ற் அடிக்கத் தெரியாட்டி ஆளைப் பிடிச்சிருக்கலாமே' என்று மாமா கேட்டபோது கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தியதும் மட்டும் அவர் முகம் மாறியது. மூச்சை இழுத்து இழுத்து விட்டார். "அத்தான், ஏதாவது திறக்கலாமோ?" அப்பா கையை உயர்த்தி, கூரையிலிருந்த வட்ட மூடியைத் தள்ளித் திறந்துவிட்டார். இராணுவக்காரன் எட்டிப் பார்க்க வைத்த ஓட்டையால் காற்றும் வெளிச்சமும் கொட்டுண்டன. புருசெத் வரைக்கும் மாமா தலையை நிமிர்த்தி அந்த வட்டத்துக்குள் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதன்பின் அம்மா அந்த லொறியைப் பற்றி ஒரு சொல் குறை சொன்னதில்லை.

லொறியைப் பிறகு விற்றோம். ஃபோர்ணெபுவில் இப்போது விமானம் இறங்குவதில்லை, கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆர்னே போய்விட்டார். கராஜ் வரிசையை இடித்துப் புல் போட்டுவிட்டார்கள். மாமா பியோர்ண்டாலில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். வீட்டுக்கு வெள்ளைக் கார் வாங்கக் கூடாது என்பது மட்டும் அவர் போட்ட சட்டம்.

போன கோடையில் பழைய வண்டிகளின் காட்சி ஒன்றுக்கு, அப்பா கேட்டார் என்று எல்லாரையும் ஏற்றிப் போனேன். புல்வெளியில், வலப்பக்க ஸ்ரேரிங்கோடு, எங்கள் பழைய லொறி நின்றது. இப்போதைய சொந்தக்கார நோர்வேஜியன் பலகைப் பெட்டியைக் கழற்றிக் கித்தான் கூடாரம் போட்டு, எல்லாவற்றையும் இராணுவம் வைத்த மாதிரியே திருப்பியிருந்தான். இராணுவக்காரர் முதலில் மினுங்குகிற கரும்பச்சைதான் அடித்தார்களாம், வெயிலில் மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்கிறது என்று பிறகு மினுங்காத பச்சைக்கு மாறினார்களாம். தான் அந்த இரண்டாவது பச்சையையே அடித்ததாகச் சொன்னான். எல்லாவற்றுக்கும் மேலே எவனோ ஒரு முட்டாள் வீட்டுச் சுவர்ப் பெயின்றை அப்பி வைத்திருந்தானாம், அதை உரிக்கத் தனக்கு ஒரு மாரிகாலம் முழுக்கப் போயிற்றாம். அப்பா ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு, அந்த முட்டாளை நினைத்து அவனோடு சேர்ந்து தலையாட்டினார்.

எங்கள் மஞ்சள் ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை. நான் கதவிடுக்கிலும் குனிந்து பார்த்தேன். அம்மா கூரையின் வட்ட மூடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, திருப்தியாக ஒரு கதிரை தேடிப் போனா.

மாமா கதவருகே போனார். அந்தப் பச்சையில் உள்ளங்கையை விரித்து நன்றாக ஊன்றினார். பிறகு கையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, என்னிடமும் காட்டினார்.

"ஓம் பிள்ளை" என்றார். "இப்ப காஞ்சிட்டுது."