மணி இல்லாத கோபுரத்தில் திரிகால மணி

ஆவி கண்டேன், சத்தம் கேட்டேன் என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவன், ஞாயிறு பூசை தவறவிடாதவன், சட்டைப் பைக்குள் செபமாலை எப்போதும் கிடக்கும், ஆனால் அது வேறு, பேய்க்கதை வேறு. கடவுளிலேயே எனக்கு அரைவாசி நம்பிக்கைதான் என்று என் மனைவி றீற்றா சொல்லுவாள். ஆகவே இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. சிரிப்பு எனக்குப் பழகிவிட்டது. மொன்றியலில் எங்கள் பங்குக் கோவிலில் எனக்கு 'திரிகாலம்' என்று ஒரு பட்டப்பெயர் இருக்கிறது, நேரே கூப்பிடமாட்டார்கள், நான் போன பிறகு சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பெயர் வந்த கதைதான் இது.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, கார்த்திகை மாதம். அப்போது நாங்கள் ரொக்ஸ்பரோவுக்குக் குடிவந்த புதிது, நான் புவாண்ட்-கிளேரில் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஒரே மகள் டிலானி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுகிற வயது. அவளுக்கு எப்படியோ அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மனம் விழுந்துவிட்டது. புலமைப்பரிசில் கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சே இல்லை, அது அவளுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும். அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குருவானவர் மொன்றியலுக்கு வந்து பிள்ளைகளைச் சந்திக்கிறார், முதலில் ஒரு விளக்கவுரை, பிறகு ஒவ்வொருவராக நேர்முகம் என்று அறிவித்தல் வந்தது. மூன்று இரவு அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று இங்கிலிஷில் பேசிப் பழகினாள்.

இடம் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு பழைய கல்லூரிக் கட்டடம். துறவிகள் கட்டி நடத்தியது, அவர்கள் போன பிறகு வேறு ஒரு பல்கலைக்கழகம் எடுத்து நடத்துகிறது. உள்ளே வகுப்புச் சுவர்களில் சிலுவையில் பாடுபட்ட சுரூபம் தொங்கின இடம் மட்டும் வெளிறிப்போய்க் கிடந்தது. வாசலுக்கு மேலே ஒரு கோபுரம். நான் ஈஸ்டருக்குப் போடுகிற கோட்டும் டையும் போட்டுக்கொண்டு காரை நிறுத்தினேன். டிலானி என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். "அப்பா, ப்ளீஸ், நீங்கள் காருக்கையே இருங்கோ," என்றாள். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது, ஆனால் பிள்ளையின் காரியம்தானே, சரி என்று இருந்தேன்.

எவ்வளவு நேரம்தான் இருப்பது. பனி தூறத் தொடங்கிவிட்டது, கால் விறைத்துவிட்டது. பின்வரிசையில் ஒரு ஓரமாகக் குந்தினால் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று மெல்ல உள்ளே போனேன். போனால் பின்வரிசையில் எங்கள் பங்கு பெனடிற் அண்ணை இருக்கிறார். அவருடைய மகனும் அதே புலமைப்பரிசிலுக்குத்தான் வந்திருக்கிறான். ஊரில் ஒரு விசயம் நடந்தால் பூசை மணிக்கு முந்தி அதைப் பரப்புகிற மனுசன் அவர்.

மேடையில் நின்ற ஃபாதர் அங்கியும் போடவில்லை, காலரும் போடவில்லை, ஒரு பழுப்புக் கம்பளிச் சட்டையோடு நின்று பகிடியும் பேச்சுமாகக் கதைத்தார். அமெரிக்காவில் இந்தப் பல்கலைக்கழகங்கள் பணக்காரருக்காகக் கட்டப்பட்டவை இல்லை என்றார். கப்பலில் வந்து இறங்கிய அயர்லாந்துக்காரர், இத்தாலிக்காரர், போலந்துக்காரரின் பிள்ளைகளை மற்ற இடங்களில் ஏளனமாகப் பார்த்த காலத்தில், துறவிகளும் கன்னியாஸ்திரிகளும் பங்கு பங்காகப் போய்க் கேட்டுக் கட்டினார்களாம். முன்வாசல் படியில் பட்டம் பெறும் நாள்வரை மாணவர் யாரும் ஏறக்கூடாது என்று ஒரு வழக்கம், நிலத்தில் பதித்த முத்திரையை மிதித்தால் சோதனை பெயில் என்று ஒரு நம்பிக்கை, கல்வி ஆண்டு தொடங்கும்போது சிவப்பு உடுப்போடு பரிசுத்த ஆவியின் பூசை. பிறகு காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் மாதா செபத்துக்கு அடிக்கிற திரிகால மணியைப் பற்றியும் சொன்னார். அந்தக் காலத்தில் மணி அடித்தால் மைதானத்தில் பந்து உதைக்கிறவன்கூட அப்படியே நிற்பானாம், இப்போது ஒருத்தரும் நிற்பதில்லை என்று சிரித்தார்.

நீங்கள் இப்போது நினைப்பது எனக்குத் தெரியும். ஃபாதர் மணியைப் பற்றிச் சொன்னார், இந்த மனுசனுக்குக் காதில் மணி கேட்டது, அவ்வளவுதான். நானும் வருசக்கணக்காக எனக்கு அப்படித்தான் சமாதானம் சொன்னேன்.

விளக்கம் முடிந்து எல்லோரும் கூடத்துக்கு வந்து கோப்பி குடித்தார்கள். கூடத்தின் ஒரு பக்கத்தில் மேலே போகிற பெரிய படிக்கட்டு, அதற்குக் கீழே ஒரு சின்ன மேசை, அதில் ஃபாதர் இருந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார். டிலானியின் முறை வந்தது. அவள் முதுகை நிமிர்த்தி இருந்து கதைப்பதை நான் தூரத்தில் தூணோடு நின்று பார்த்தேன். ஃபாதர் தலையாட்டிக் கேட்கிறார், ஒருமுறை சிரிக்கிறார். என்ரை பிள்ளை வென்றுவிட்டாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. அந்த நேரம்தான் மணி அடித்தது.

மூன்று அடி, ஒரு இடைவெளி, மூன்று அடி, ஒரு இடைவெளி, திரும்ப மூன்று. தலைக்கு நேர் மேலே, கோபுரத்திலிருந்து. யாழ்ப்பாணத்தில் விடுதியில் வளர்ந்த எங்களுக்கு அந்த மணி கேட்டால் கால் தானாக நிற்கும், வாய்க்குள் சோறு இருந்தாலும் எழும்புவோம். ஒருவர் முதல் வரி சொல்லுவார், மற்றவர்கள் பதில் சொல்லுவார்கள், நடுவில் அருள் நிறைந்த மரியே, இப்படி மூன்று முறை. நான் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினேன். படிக்கட்டின் திருப்பத்தில் கறுப்பு அங்கியோடு ஒரு வயதுபோன சுவாமியார் நின்றார், இடுப்பில் அகலமான பட்டி, கண் மூடியிருந்தது. அவர் லத்தீனில் முதல் வரியைச் சொன்னார். சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்த காலத்தில் கேட்ட லத்தீன், எனக்கு விளங்கியது. சொல்லிவிட்டு நிறுத்தினார். பதில் சொல்ல ஒருத்தரும் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. நான் தமிழில் பதிலைச் சொன்னேன், விடுதியில் சொல்லுகிற மாதிரியே, தொண்டை திறந்து.

கூடம் அப்படியே அமைதியாகிவிட்டது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பிவிட்டது. டிலானி கதிரையில் பாதி திரும்பி என்னைப் பார்த்தபடி இருந்தாள், முகத்தில் இரத்தமே இல்லை. அப்போதுதான் விளங்கியது, மணிக்காக அங்கே நின்றது நான் ஒருத்தன்தான். வாயை இறுக மூடினேன். கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டேன். படிக்கட்டைப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை. அந்த ஒரு நிமிசம் நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நின்றேன், வாயைத் திறக்காமல், மரம்போல.

அமெரிக்க ஃபாதர் எழும்பி வந்தார். தோளில் கையை வைத்து, பிரார்த்தனை செய்தீர்களா என்று மெதுவாகக் கேட்டார். ஏளனம் ஒன்றும் இல்லை அந்தக் குரலில். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இல்லை ஃபாதர், பிரார்த்தனை இல்லை, எனக்குச் சீனி வருத்தம், தலை சுற்றி ஏதோ பிதற்றிவிட்டேன் என்றேன். எனக்குச் சீனி வருத்தம் இன்றுவரைக்கும் இல்லை. உடனே ஒரு பெண் ஓடிப்போய் ஒரேஞ்ச் ஜூஸ் கொண்டுவந்தாள், அத்தனை பேரும் சுற்றி நின்று பார்க்க நான் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். இப்போது சொல்லும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது. ஒரு குருவானவர் செபம் சொன்னாயா என்று கேட்க, இல்லை என்று பொய் சொல்லி ஜூஸ் குடித்த மனுசன் நான்.

வெளியே வரும்போது வாசலில் இருந்த காவல்காரரிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மணியைப் பற்றிக் கேட்டேன். மணியை இறக்கி எத்தனையோ வருசம், மேலே புறாதான் இருக்கிறது என்றார். கார் நிறுத்துமிடத்தில் பெனடிற் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னடாப்பா அன்ரன், உனக்கென்ன விசரே? தொடங்கினதுதான் தொடங்கினனி, மூண்டு முறையும் விடாமல் முடிச்சுப்போட்டியே," என்றார். நான் ஒரு வரிதான் சொன்னேன் என்றேன். அவர் சிரித்தார். மனுசன் ஒன்றை மூன்றாக்குகிறவர்தானே என்று நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

காருக்குள் டிலானி அழுதாள். சத்தம் இல்லை, கண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வீதியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளை, அப்பாவை மன்னிச்சுக்கொள் என்று தொடங்கினேன். "ஒண்டும் கதையாதேங்கோ அப்பா. வீடு போகுமட்டும் வாயைத் திறவாதேங்கோ," என்றாள். அந்தச் சொல் என்னைக் குத்திவிட்டது. வாயை மூடிக்கொண்டு வீடுவரை ஓட்டினேன். றீற்றாவுக்கு விசயத்தைச் சொன்னபோது அவள் தலையில் கைவைத்தபடி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனால் கதை எங்களுக்கு முந்தி அங்கே போயிருந்தது. இளந்தாரிப் பெடியங்கள் என்னைக் கண்டால் கையைக் கூப்பிக்கொண்டு நிற்பார்கள்.

டிலானிக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு முகம் இல்லை. அவள் போன பிறகு பெற்றோரைக் கூப்பிடுகிற நாள் ஒவ்வொரு வருசமும் வந்தது. றீற்றா போவாள், எனக்கு வேலை இருக்கும், இடுப்பு நோகும், காருக்கு டயர் மாற்றவேண்டியிருக்கும். உண்மை என்னவென்றால் அவளுடைய சிநேகிதிகளுக்கு முன்னால் இதுதான் அந்த அப்பா என்று அவள் என்னைக் காட்டவேண்டி வருமே என்ற வெட்கம். பெற்ற பிள்ளையின் படிப்பு முழுக்க நான் அப்படி ஒளித்துத்தான் கழித்தேன்.

பட்டமளிப்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அவள் தொலைபேசியில் எடுத்தாள். இந்த முறை நீங்கள் வரவேணும் அப்பா என்றாள். அம்மா வருவா பிள்ளை, நான் வந்து அண்டைக்கு உன்னை வெக்கப்படுத்தினது காணும் என்றேன்.

"அப்பா, நான் வெக்கத்திலயோ அழுதனான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறீங்கள்?"

வேறென்ன என்றேன்.

"எனக்குப் பயம் அப்பா. ஒரு வரி சொல்லிப்போட்டு நீங்கள் வாயை மூடீட்டீங்கள். நான் உங்கட முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான். வாய் மூடித்தான் இருந்தது. ஆனா உங்கட குரல் நிக்கேல்ல. மிச்சம் முழுக்கச் சொல்லி முடிச்சது."

ஃபாதருக்குச் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை, பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று வெக்கமாக இருந்தது என்றாள். என்ரை பிள்ளைதான், எங்கே போகும்.

போனேன். வேறு வழி இல்லை. அங்கே பட்டமளிப்புக்கு முதல் நாள் எல்லோருக்கும் ஒரு பெரிய பூசை வைப்பது வழக்கம், கறுப்பு அங்கியோடு பிள்ளைகள், பின்னால் பெற்றோர். டிலானி தன் வரிசைக்குப் போகாமல் வந்து எனக்கும் றீற்றாவுக்கும் நடுவில் இருந்தாள். உள்ளே போகும்போதே நான் முடிவெடுத்துவிட்டேன், பூசை முடியுமட்டும் வாய் திறப்பதில்லை, இன்னொரு முறை என் பிள்ளைக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று. சனம் எழும்ப எழும்பினேன், முழந்தாளிட முழந்தாளிட்டேன். ஒரு பதிலும் சொல்லவில்லை, ஒரு பாட்டுக்கும் உதடு அசைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன், தாடை நொந்தது.

பூசையின் நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரம் வந்தது. எங்களுக்கு முன்வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா திரும்பி, சிரித்தபடி என் கையைப் பிடித்தார். தொடக்கத்திலிருந்து என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு நன்றாக இருந்தது, அது என்ன மொழி என்று கேட்டார்.

டிலானி என் வாயைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

தமிழ் என்று சொன்னேன். அன்றைக்கு அந்தக் கோவிலுக்குள் நான் வாய் திறந்து சொன்ன முதல் சொல் அதுதான்.